கல்விக் கோயிலின் வாசற்படி

தமிழில் 'பள்ளி' என்னும் சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. சமண முனிவர்கள் தங்கித் தவமியற்றிய இடமே முதலில் பள்ளி எனப்பட்டது. அங்கேயே அவர்கள் பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் கற்பித்தமையால், கல்வி தரும் இடமெல்லாம் பின்னர் அப்பெயரையே பெற்றது என்பர் அறிஞர். அம்மரபின் உயிருள்ள சாட்சியாகத் திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூர் விளங்குகிறது. பார்சுவநாதர் கோயிலும், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமும், மடத்தார் பேணிவந்த ஓலைச்சுவடிகளும் அவ்வூரின் செல்வங்கள். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு கல்வியையும் சேர்த்து நான்கு தானங்கள் என்றது சமணம். தானத்திற்கு விலை கிடையாது. ஆயினும், தானம் பெற வருகிறவன் தகுதியுடையவன்தானா என்ற கேள்வி எக்காலத்திலும் கல்விக்கூடத்தின் வாசலில் நின்றுகொண்டே இருக்கிறது.

இன்று அந்த வாசல் கடல்களுக்கு அப்பாலும் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் இளைஞர்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடுகிறார்கள். மேனிலைப் பள்ளி மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், ஆங்கிலத் தேர்ச்சிக்கான டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ்., ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், செலவைத் தாங்கும் பொருள்வசதிக்கான வங்கிச் சான்று என நிபந்தனைகள் நீள்கின்றன. டோஃபல் 1964-இலும், ஐ.இ.எல்.டி.எஸ். 1989-இலும் தோன்றியவை. இந்திய மாணவரின் கல்விச் சான்றுகளை முன்கூட்டியே சரிபார்த்துத் தனிச் சான்று பெறவேண்டும் என்ற விதியை ஜெர்மனி 2022 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. இத்தாள்களைத் திரட்டும் பெற்றோர் பலரின் உள்ளத்தில், ஒரு பிள்ளையின் அறிவை இவை உண்மையிலேயே அளந்துவிடுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. வரலாற்றைப் புரட்டினால் அந்த ஐயம் பழையது என்பது விளங்கும்.

முதலில் நம் திருச்சபையின் மக்கள் பட்ட பாட்டை நோக்குவோம். 1581 முதல் ஆக்சுபோர்டில் மாணவனாகப் பெயர் பதிய விரும்பியவன் ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் சேர்ந்து படிக்கலாம். ஆனால் அச்சபையை ஏற்காதவனுக்குப் பட்டம் கிடையாது. இதனால் ஆங்கிலக் கத்தோலிக்கருக்கு இரு வாசல்களும் தலைமுறை தலைமுறையாக அடைபட்டுக் கிடந்தன. 1854-இல் ஆக்சுபோர்டுக்கும் 1856-இல் கேம்பிரிட்ஜுக்கும் இயற்றப்பட்ட சட்டங்கள் இத்தடையைத் தளர்த்தின. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவற்றுள் பெரும்பாலானவற்றை நீக்கியது. வியப்பு என்னவெனில், வெளிக்கதவு திறந்தபின் உள்ளிருந்தே ஒரு தாழ் விழுந்தது. அங்குச் சென்றால் பிள்ளைகளின் விசுவாசம் குன்றும் என்று அஞ்சிய ஆயர்கள், உரோமையின் ஒப்புதலோடு கத்தோலிக்க இளைஞரைத் தடுத்தனர். அத்தடை 1895-இல்தான் விலகியது. வாசலில் நிபந்தனை வைப்பவர் எப்போதும் அயலாராகவே இருப்பதில்லை என்பதற்கு இது சான்று.

இனி, நம் ஊர்ப்பக்கமே நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். 1910-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கும்பகோணத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் விழுப்புரம் சந்திப்பில் இறங்கித் திருக்கோவலூருக்கு வண்டி மாறினார். கையில் ஒரு கணக்குக் குறிப்பேடு. நாடிச் சென்றது ஓர் எழுத்தர் வேலை. அவர்தாம் சீனிவாச இராமானுசன்.

அன்று கல்லூரியின் கணக்கில் அவர் தோற்ற மாணவர். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை ஆங்கிலக் கட்டுரைத் தாளால் இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-இல் எப்.ஏ. தேர்வு எழுதித் தோற்றார். 1907-இல் தனியாக எழுதியும் தோற்றார். கணிதத்தில் ஆசிரியர்களை வியக்கவைத்தவரை உடலியல் போன்ற பாடங்கள் வீழ்த்தின. பட்டப்படிப்பிற்குள் நுழைய அந்த எப்.ஏ. தேர்ச்சியே வாசற்படி. எல்லாப் பாடங்களிலும் தேறினால் மட்டுமே கதவு திறக்கும் என்ற விதி, ஒன்றில் மட்டும் ஆழ்ந்த உள்ளத்தை வெளியே நிறுத்திவிட்டது.

திருக்கோவலூரில் துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். இந்தியக் கணிதவியல் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவரும் அவரே. தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இடம் தருவது அவருக்கு எளிது. கேட்டவரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால், குறிப்பேட்டைப் புரட்டிய அவர், வருவாய்த்துறையின் கடைநிலைப் பதவியில் இந்த மேதையை அமர்த்தி மங்கச் செய்ய மனம் கொள்ளவில்லை. சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்கு அறிமுகம் தந்து அனுப்பிவைத்தார். சான்றிதழைக் கேளாமல் குறிப்பேட்டைப் படித்த அந்தச் செயல் ஒரு பெரும் வரலாற்றின் திருப்பமாயிற்று.

அதன்பின் கைகள் பல நீண்டன. நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவ் தம் பணத்திலிருந்தே மாதந்தோறும் உதவினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய மடலில், தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதை இராமானுசன் மறைக்காமல் குறிப்பிட்டார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் அவருக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார்.

இப்போது பல்கலைக்கழகம் விதி என்னும் மதிலுக்கு முன் நின்றது. பட்டமே இல்லாத ஒருவருக்கு ஆய்வு உதவித்தொகை வழங்க அதன் ஒழுங்குகளில் இடமில்லை. ஆட்சிக்குழுவினர் அத்துடன் கோப்பை மூடிவிட்டிருக்கலாம். அவர்களோ பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த சட்டத்தையும், 1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தையும் மீண்டும் எடுத்துப் பார்த்தனர். ஆளுநர் அவையின் இசைவு பெற்றால் வழங்கலாம் என்று கண்டு, இசைவும் பெற்று, 1913 மே மாதம் முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் அளித்தனர். எந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வில் அவர் தோற்றாரோ, அதே பல்கலைக்கழகமே தன் விதியின் நோக்கத்தை நினைவுகூர்ந்து அவரைத் தேடி வந்தது.

கடலின் இக்கரையிலும் ஒரு வாசல் அடைத்துக் கிடந்தது. கடல் கடப்பது ஆசாரத்திற்குப் பழுது என்று கருதிய குலத்தில் பிறந்தவர் அவர். தாயின் இசைவு எளிதில் கிட்டவில்லை. அத்தடையும் நீங்கியபின், ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையோடு 1914 மார்ச் 17 அன்று கப்பலேறினார். வழக்கமான தகுதிச் சான்று இல்லாதிருந்தும் கேம்பிரிட்ஜ் அவரை ஏற்றது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சியின் அடிப்படையில் பி.ஏ. பட்டமும், 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியும் அவரை வந்தடைந்தன.

ஆயினும் இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் படிப்பது முறையன்று. கதவு திறந்தது, உள்ளே அவருக்கேற்ற அடுப்பு மூட்டப்பட்டிருக்கவில்லை. புலால் உண்ணாத அவர் தாமே சமைத்து உண்டார். போர்க்காலத்தில் காய்கறி அருகிற்று. குளிரும் தனிமையும் வாட்டின. 1917-இல் கடும் நோயுற்றார். 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் மறைந்தார். ஒருவரை உள்ளே அனுமதிப்பது வேறு. வந்தவரை வாழவைப்பது வேறு. வெளிநாட்டிற்குப் பிள்ளையை அனுப்பும் இல்லங்களும், ஏற்றுக்கொள்ளும் கல்விக்கூடங்களும் இவ்வேறுபாட்டை உணரவேண்டும்.

வேறொரு கண்டத்திலிருந்தும் ஓர் ஒப்புமை காட்டலாம். போர்த்துக்கீசர் ஆட்சிக்காலம் முழுவதும் பிரேசிலில் ஒரு பல்கலைக்கழகமும் எழவில்லை. பட்டம் வேண்டிய இளைஞர் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கோயிம்பிராவுக்குச் சென்றனர். செஞ்சி நாட்டிலும் உழைத்து, 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய நம் புனித அருளானந்தர் பயின்ற அதே கோயிம்பிராதான் அது. ஆளும் நாட்டின் அளவுகோலுக்கே அன்று ஆளப்பட்டவர் தம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1998-இல் பிரேசில் தன் பள்ளியிறுதி மாணவர்க்கென 'எனெம்' என்னும் தேர்வை ஏற்படுத்தியது. 2014-இல் கோயிம்பிரா அத்தேர்வின் மதிப்பெண்ணையே நுழைவுத் தகுதியாக ஏற்கத் தொடங்கியது. விருந்தினரின் அளவுகோலை வீட்டுக்காரர் மதிக்கக் கற்றுக்கொண்டார்.

அப்படியானால் நிபந்தனைகளே தீயனவா? அல்ல. தேர்வும் விதியும் இல்லாத இடத்தில் சிபாரிசும் செல்வமும் சாதியும் வாசற்காவலராகிவிடும். பெயரையும் குலத்தையும் பாராத தாள், ஏழை மாணவனுக்குக் கேடயம். வரலாறு நமக்குச் சொல்வது இதுவே: விதி என்பது கற்கத் தகுந்தவரைக் கண்டறிவதற்கான கருவி. அந்த நோக்கத்தை அது மறக்கும்போது, அதை நினைவூட்ட மனிதர் ஒருவர் எழவேண்டும்.

அறிவின் திறவுகோலைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, பிறர் நுழையாதபடி தடுத்த சட்ட வல்லுநரை ஆண்டவர் கடிந்துகொண்டதை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். நம் பங்குகளிலும் ஆசிரியர்கள், அலுவலர்கள், பள்ளி நிர்வாகிகள், வெளிநாட்டில் பயின்று திரும்பியோர் பலர் உள்ளனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு திறவுகோல் இருக்கிறது. ஒரு விண்ணப்பத்தைப் பொறுமையாக விளக்குவது, உண்மையான பரிந்துரை ஒன்றை எழுதித் தருவது, தேர்வில் தோற்றவனின் குறிப்பேட்டை ஒருமுறை வாங்கிப் படிப்பது ஆகியவையே அத்திறவுகோல்கள். திருக்கோவலூர்த் துணை ஆட்சியர் செய்ததும் அவ்வளவே. சித்தாமூர் மரபு கல்வியைத் தானம் என்றது. அத்தானத்தைச் செய்யப் பெருஞ்செல்வம் தேவையில்லை, எதிரே நிற்பவரின் தகுதியைக் காணும் கண் போதும்.