அடுத்தவர் பெயரில் ஒரு மாம்பழம்

நான் எழுதிய முதல் உருப்படியான நிரல், விலைச்சீட்டு அச்சடிக்கும் நிரல். பி.இ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் திருப்பூரிலேயே சுற்றிக்கொண்டிருந்த வருடம் அது. அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்த ஏற்றுமதிக் கம்பெனியில், "பையன் கம்ப்யூட்டர் படிச்சிருக்கான்ல, வரச்சொல்லுங்க" என்று கூப்பிட்டார்கள். டி-ஷர்ட்டில் தொங்கும் அட்டையில் பார்கோடும் சைஸும் யூரோ விலையும் சரியாக விழவேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த விலையை ஐரோப்பாவில் கடைக்காரர்தான் ஒட்டுவார் என்று அதுவரை நினைத்திருந்தேன். இங்கேயே அச்சாகி, இங்கேயே கோர்க்கப்பட்டு, பெட்டிக்குள் போகிறது.

செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா அட்டையைக் காட்டி, "தம்பி, இது நம்மூர்க் காசுக்கு எவ்வளவுங்க?" என்றார். பெருக்கிச் சொன்னேன். "அப்படீங்களா" என்று சிரித்துவிட்டு அடுத்த பீஸை எடுத்தார். டீ டைம் முடிகிற நேரம். அவர் கையில் பத்து ரூபாய் மாம்பழ ஜூஸ் பொட்டலம். கடைசிச் சொட்டை உறிஞ்சும்போது ஸ்ட்ரா எழுப்புகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த அட்டையும் அந்தப் பொட்டலமும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. புரியவைத்தவர் என் மாமா.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கம். மாமாவுக்கு அங்கே மூன்று ஏக்கர் மாந்தோப்பு. கோடை விடுமுறை முழுக்க அங்கேதான் கிடப்போம். தோப்பின் பெரும்பகுதி, நம்மூரில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்கிற தோத்தாபுரி. காயாகத் தின்றால் உப்பு, மிளகாய்த்தூளோடு அருமையாக இருக்கும். பழமாகத் தின்ன செந்தூராவோ மல்கோவாவோதான் வேண்டும். பிறகு ஏன் இத்தனை கிளிமூக்கு மரங்கள் என்று சின்ன வயதில் கேட்டபோது மாமா சொன்னார்: "இது நாம திங்கறதுக்கு இல்ல மாப்ள, ஃபேக்டரி திங்கறதுக்கு."

இந்தியாவின் மாங்கூழ்த் தொழிலுக்கு இரண்டு பெரிய மையங்கள்: ஆந்திராவின் சித்தூர், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி. இரண்டுக்கும் அடிப்படை இந்தக் கிளிமூக்குதான். சதைப்பற்று அதிகம், நன்றாகக் காய்க்கும், விலையும் குறைவு. பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி, குளிரவைத்து, காற்றுப்புகாத பையில் நிரப்பி இரும்பு டிரம்மில் வைக்கிறார்கள். ஒரு டிரம்மில் இருநூறு கிலோவுக்கு மேல் பிடிக்கும். குளிர்பதன அறைகூட வேண்டாம், ஒரு வருடத்துக்கு மேல் கெடாது. சவுதி அரேபியா, ஏமன், நெதர்லாந்து என்று இந்த டிரம்கள் கப்பலேறுகின்றன. உள்நாட்டில் பெரிய குளிர்பானக் கம்பெனிகள் வாங்குகின்றன.

மரத்திலிருந்து இறக்கிய பழம் சில நாள்தான் தாங்கும், டிரம்மில் அடைத்த கூழ் வருடக்கணக்கில் தாங்கும். இந்த வணிகத்தின் பேரம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது. காத்திருக்க முடிந்தவர் விலை சொல்கிறார், முடியாதவர் தலையாட்டுகிறார்.

கூழ் டிரம்மில் காத்திருக்கும், சரி. ஆனால் அதற்கு ஒரு பெயர் வேண்டுமே. பெயர்கள் வந்த கதை சுவாரசியமானது. 1976இல் மாசா இந்தியாவில் அறிமுகமானது. மறுவருடம் ஜனதா ஆட்சி. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில்துறை அமைச்சர். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்னதை ஏற்காமல் கோகோ கோலா நாட்டைவிட்டு வெளியேறியது. அந்த வெற்றிடத்தில் பார்லேயின் தம்ஸ் அப் போன்ற உள்ளூர்ப் பெயர்கள் வளர்ந்தன. 1985இல் பார்லே அக்ரோ, ஸ்வீடனின் டெட்ரா பேக் அட்டைப்பெட்டியில் ஃப்ரூட்டியைக் கொண்டுவந்தது. கண்ணாடி பாட்டில் என்றால் கடையிலேயே நின்று குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அட்டைப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். ஐஸ்பெட்டி இல்லாத பெட்டிக்கடையிலும் அது கெடாமல் இருக்கும். மாம்பழ பானம் கிராமம்வரை போனதற்கு இந்தப் பெட்டிதான் முக்கியக் காரணம்.

1993இல் கோகோ கோலா திரும்பி வந்தது. வந்த கையோடு பார்லேயிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட்டோடு மாசாவையும் வாங்கியது. வாங்கியது பெயர்களைத்தான், ஒரு மாமரத்தைக்கூட அல்ல. மாசாவின் இன்னொரு வேடிக்கை: இந்தியாவில் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒருவர், வளைகுடாவில் வேறொருவர். துபாயில் லேபர் கேம்ப்பில் இருக்கும் என் நண்பன் குடிக்கும் மாசாவும் நான் குடிக்கும் மாசாவும் வேறு வேறு முதலாளிகளுடையவை. பெயரைக் கண்டம் பிரித்து விற்கலாம். தோப்பை அப்படித் தூக்கிக்கொண்டு போகமுடியாது.

இங்கே திருப்பூருக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்ததிலிருந்துதான் ஊரின் நேரடி ஏற்றுமதிக் கதையைச் சொல்வார்கள். அதன்பிறகு பையர்கள் வரிசையாக வந்தார்கள். உள்ளூரில் பனியன், ஜட்டிக்கு நமக்கென்று பெயர்கள் உண்டு. கடல் தாண்டிப் போகிற சட்டையின் கழுத்தில் இருப்பது பெரும்பாலும் அடுத்தவர் பெயர். நூலும் சாயமும் தையலும் நம்முடையவை, லேபிள் அவர்களுடையது. லேபிளையும் நாமேதான் தைத்துக் கொடுக்கிறோம். மாமாவின் கிளிமூக்கும் அப்பா வெட்டிய துணியும் ஒரே நிலையில் இருப்பவை. தையல்காரரின் ஒரு நாள் உழைப்பையும் டிரம்மில் அடைத்து வைக்கமுடியாது.

"அப்போ நாமே பெயர் வைத்துக்கொண்டால்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவன்டோ. திராட்சை மணம் கொண்ட சோடா பானம், பழச்சாறு என்று சொல்லமுடியாது. ஆனாலும் நம் பெயர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீரும் அப்போது பெரிய பேச்சு. நானும் ஐ.டி. நண்பர்களும் வீம்பாகப் பொவன்டோ குடித்தோம். ஆனால் அன்று எங்களில் யாரும் மாசா, ஸ்லைஸ் பற்றி யோசிக்கவில்லை. ஸ்லைஸும் பெப்சியுடையதுதான் என்பது தெரிந்தவர்களே குறைவு. அந்தக் கம்பெனிகளை முழுதாகப் புறக்கணித்திருந்தால் கிருஷ்ணகிரியின் கூழ் எங்கே போயிருக்கும் என்று யாரும் கேட்கவும் இல்லை. நான் மாமாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டார்: "நல்லதுதான் மாப்ள. அப்ப என் காய யாரு வாங்குவா?"

சீனாவில் நடந்ததையும் பார்க்கவேண்டும். அங்கே ஹுய்யுவான் என்ற பெரிய பழச்சாறு நிறுவனம். 2008இல் கோகோ கோலா அதை 240 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. 2009 மார்ச்சில் சீன வர்த்தக அமைச்சகம் ஏகபோகத் தடைச் சட்டத்தைக் காட்டி மறுத்தது. 1993இல் நாம் கொடுத்த பெயரை அவர்கள் கொடுக்கவில்லை. அதோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஹுய்யுவான் கடனில் மூழ்கி, 2021இல் ஹாங்காங் பங்குச்சந்தையிலிருந்தே நீக்கப்பட்டது. பெயர் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதைக் கட்டிக்காக்கப் பணமும் பொறுமையும் வேண்டும்.

2025 கோடையில் கிளிமூக்கின் விலை விழுந்தது. விளைச்சல் அதிகம், முந்தைய வருடக் கூழ் கிடங்கிலேயே தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். ஜூனில் சித்தூர் மாவட்டம், வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரத் தடைபோட்டது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் நிர்ணயித்தது: ஆலை 8 தரவேண்டும், அரசு 4 தரும். இந்தப் பக்கம் மாமாவுக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் சொன்னார்கள். பறிகூலியும் வண்டி வாடகையும் போனால் கையில் ஒன்றும் நிற்காது. பாதிக் காயை மரத்திலேயே விட்டுவிட்டார்.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, மாம்பழ 'டிரிங்க்' என்று விற்கக் குறைந்தது 10 சதவீதம் பழம் இருந்தால் போதும். நாம் எல்லாவற்றையும் ஜூஸ் என்றே சொல்கிறோம். பத்து ரூபாய்ப் பொட்டலம் 150 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அதில் கூழ் 15 கிராம். பழத்தில் பாதி கூழாகும் என்றால் 30 கிராம் பழம். கிலோ ஐந்து ரூபாய்க்கு அது பதினைந்து பைசா. கம்பெனி தாராளமாக இருமடங்கு கூழ் போட்டாலும் முப்பது பைசா. ஆந்திரா அறிவித்த விலையைக் கொடுத்தாலும் பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் ஆகாது. மாமாவுக்கு விலையை இருமடங்காக்கினால் குடிப்பவருக்குத் தெரியக்கூடச் செய்யாது. ஆனால் அந்தப் பதினைந்து பைசாவில்தான் பேரம் நடக்கிறது.

அதே வருடம் ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். பீஸ் ரேட்டில் சில பைசாக்களுக்காக இங்கேயும் இழுபறி. செப்டம்பர் 22 முதல் பழச்சாறு பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமானது. குடிப்பவருக்கு நல்ல செய்தி. மாமாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "வரி கொறஞ்சா நமக்கு ஏதாவது ஏறுமா?" என்றார். தெரியவில்லை என்றேன்.

தோப்பை சைட் போட்டு விற்கச் சொல்லி ஆட்கள் வந்து போகிறார்களாம். அம்மா அதைக் கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மாமாவிடம் இருக்கும் கொஞ்சம் செந்தூராவுக்கு ஒரு லேபிள் வடிவமைத்து, அடுத்த சீசனில் ஐந்து கிலோ பெட்டியாகத் திருப்பூர் அடுக்ககங்களுக்கு வாட்ஸப் மூலம் விற்க ஏற்பாடு. பழைய விலைச்சீட்டு நிரலையே தூசி தட்டி எடுத்தேன். இந்த முறை கழுத்தில் மாமாவின் ஊர்ப் பெயர்.

மாதிரி அட்டையை அனுப்பினேன். மாமாவுக்குப் பிடித்திருந்தது. "நல்லாருக்கு மாப்ள" என்றவர், கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: "செந்தூராவுக்குச் சரி. கிளிமூக்குக்கு என்ன பண்றது?"