வெத்தலைக்கும் ஊர் பேர் உண்டு: பிரெஞ்சு ஒயின் கற்றுத்தரும் கும்பகோணம் பாடம்

ஒயின் பற்றிய வீடியோக்களில் ‘டெர்வார்’ என்ற பிரெஞ்சு வார்த்தையைக் கேட்டிருப்பீங்க. ஏதோ பணக்காரங்க சமாச்சாரம்னு தள்ளிவிட்டிருப்பீங்க. ஆனா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சா, கல்யாணத் தாம்பூலத்துல வர்ற வெற்றிலையை வேற மாதிரிதான் பார்ப்பீங்க.

டெர்வார்னா என்ன?

ஒரு பயிரின் ருசியில் அது வளர்ந்த இடத்துக்கு இருக்கும் பங்கு. மண், அடியில் இருக்கும் பாறை, தண்ணீர், வெயில், காற்று, தலைமுறையாக அங்கே பயிர் செய்பவர்களின் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் டெர்வார். ‘எங்க ஊர் தண்ணி அப்படி’ என்று நம்ம தாத்தா பாட்டி சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

ஒரே திராட்சை, மூணு ருசி

பிரான்ஸின் லுவார் பகுதியில் வூவ்ரே என்ற ஊர். அங்கே 1928-ல் ஒரு குடும்பம் தொடங்கிய ஒயின் பண்ணை ‘டொமைன் உவே’. இப்போது வேறொரு குடும்பம் நடத்துகிறது. வெள்ளை ஒயின்தான் இவர்கள் அடையாளம். திராட்சை ஒரே ரகம்: ஷெனின் பிளாங்க். ஆனால், மூன்று தோட்டங்களின் பழத்தையும் கலக்காமல், தனித்தனியாக ஒயின் செய்து, பாட்டிலில் தோட்டத்தின் பெயரையே போடுகிறார்கள்.

‘லெ ஓ லியூ’ தோட்டத்தில் களிமண் ஆழம். அந்த ஒயின் மென்மையாக இருக்கும் என்பார்கள். ‘லெ மோன்’ தோட்டத்தில் களிமண் குறைவு, கல் அதிகம். ருசி கொஞ்சம் இறுக்கமாக, கூர்மையாக வரும். ‘க்ளோ டு பூர்க்’ சுண்ணாம்புப் பாறை மேல் மெல்லிய மண் படிந்த இடம். அதன் ருசி தனி.

வாங்குபவர்களும் தோட்டத்தின் பெயரைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். அதனால்தான் பழைய தோட்டங்களைக் காப்பாற்றுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

தஞ்சாவூரில் அந்தக் கொடி எது?

காவிரி டெல்டாவில் ஷெனின் பிளாங்க் போட முடியுமா? கஷ்டம். நம்ம ஊர் வெக்கையும் ஈர மண்ணும் அதுக்கு ஒத்துவராது. தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பேர்போன இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு.

டெல்டாவின் கொடி வெற்றிலை. மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை பக்கம் காவிரிப் பாசனத்தில் வளர்வதுதான் ‘கும்பகோணம் வெத்தலை’ என்று ஊரெல்லாம் போகிறது.

கொடிக்கால் எப்படி இயங்குது?

வெற்றிலைத் தோட்டத்துக்குப் பெயரே கொடிக்கால். மேட்டுப் பாத்தி, இடையில் வாய்க்கால். முதலில் அகத்தி விதைப்பார்கள். அது வளர்ந்து நிழல் தந்ததும், பக்கத்தில் வெற்றிலைக் கொடியின் துண்டுகளை நடுவார்கள். கொடி ஏற ஏற, வாழை நாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டணும். உயரம் எட்டியதும் இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றணும்.

மண் காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. தேங்கினால் வாடல் நோய் வந்து தோட்டமே போகும். இலை பறிப்பது, அடுக்குவது, கவுளி கட்டுவது எல்லாம் கைவேலை. (ஒரு கவுளி என்பது சுமார் 100 இலை.) நெல்லுக்கு வந்த மெஷின் இங்கே வரலை.

இலையின் வாசனைக்கும் காரத்துக்கும் காரணம் அதிலுள்ள எண்ணெய்கள். கிராம்பில் இருக்கும் யூஜெனால் இதிலும் உண்டு. ரகம், மண், நிழல், இலையின் வயது இவற்றைப் பொறுத்து எண்ணெயின் அளவு மாறும். அதனால்தான் கொழுந்து ஒரு ருசி, முற்றல் ஒரு ருசி.

பேருக்கு ஒரு பாதுகாப்பு

ஊர் பெயரை ஒயினுக்குச் சட்டப்படி காக்கும் முறையை பிரான்ஸ் 1935-லேயே கொண்டுவந்தது. இந்தியாவில் புவிசார் குறியீடு சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003-ல் அமலுக்கு வந்தது. பீகாரின் மகஹி வெற்றிலை, கேரளத்தின் திரூர் வெற்றிலை, நம்ம தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலை, பனாரஸ் பான் எல்லாம் வரிசையாக இந்தக் குறியீட்டைப் பெற்றன. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் கிடைத்தது.

இனி வேறு ஊர் இலையை ‘கும்பகோணம்’ என்று விற்பது சட்டப்படி தப்பு. ஆனால், சட்டம் பெயரைத்தான் காக்கும், விலையைக் காக்காது. வூவ்ரேவில் தோட்டத்தின் பேரைக் கேட்கிறார்கள். நாம ‘கட்டு எவ்வளவு?’ன்னு மட்டும்தான் கேட்கிறோம். அப்படியே போனால், இத்தனை கைவேலை பிடிக்கும் கொடிக்காலை அடுத்த தலைமுறை ஏன் எடுத்து நடத்தணும்?

வாங்கும்போது கவனிங்க

* எந்த ஊர் இலைன்னு கேளுங்க. பதில் தெரிந்த கடைக்காரரிடம் திரும்பப் போங்க.
* காம்பு வாடாமல், இலை கறுப்புப் புள்ளி இல்லாமல் இருக்கணும்.
* ஈரத் துணியில் சுற்றி வையுங்க. அழுகிய இலையை உடனே எடுத்துடுங்க, இல்லேன்னா கட்டு முழுக்கப் பரவும்.
* பாக்கும் புகையிலையும் புற்றுநோய் தரும் பொருட்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கு. ரெண்டையும் தவிர்த்திடுங்க. வெற்றிலை ரசம், வெற்றிலை சாதம்னு சமையலில் சேர்த்தாலே இதன் வாசனை நல்லாத் தெரியும்.

அடுத்த தடவை கும்பகோணம் போறப்போ டிகிரி காபி போட்டோவோடு நிறுத்திடாதீங்க. பாபநாசம் சாலையில் ஒரு கொடிக்காலைப் பார்த்தா வண்டியை ஓரம் கட்டி, அனுமதி கேட்டு உள்ளே போய்ப் பாருங்க. அகத்தி நிழலில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டா, டெர்வார் என்னன்னு நாக்குக்கே புரியும்.