உருக்கு பிறந்த கதை

1794இல் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குச் சில உருக்குக் கட்டிகளை அனுப்பினார். 'ஊட்ஸ்' என்று அங்கே பேர் பெற்ற தென்னிந்திய உருக்கு அது. ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெண்சூடு ஏற்றிச் சம்மட்டியால் அடித்தபோது அது நொறுங்கியது. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் அதை ஆராய்ந்தார்.

நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பழங்காலத்து இரும்பு உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்பவர், நம் கொல்லர்களின் செய்முறையை எழுதிவைத்தார். தேனிரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் மண் மூசையில் வைத்து, வாயைக் களிமண்ணால் பூசி, துருத்தியால் சுமார் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். குச்சியின் கரி இரும்பில் ஏறும், ஒன்றரை சதவீதம் அளவுக்கு. மூசை ஆறியதும் உடைத்து எடுத்த கட்டியை உடனே அடிக்க மாட்டார்கள். உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே, புரட்டிப் புரட்டிப் பல மணி நேரம் சுட்டு, மிகுதிக் கரியைக் குறைப்பார்கள். என்னைப் பொறுத்தவரை உருக்கு உண்மையில் பிறந்தது இந்தப் பொறுமையான சூட்டில்தான். கரி மிகுந்த உருக்கு வெண்சூட்டில் அதன் படிக மணிகளுக்கு இடையே உருகத் தொடங்கிவிடும். செஞ்சூட்டில் நிதானமாக அடித்தால்தான் நீளும்.

இன்றைய பட்டறைகள் சூட்டைப் பிரித்துப் பேர் வைத்திருக்கின்றன. செக்கச்செவேலெனக் காய்ச்சி உலையோடு மெல்ல ஆறவிட்டால் அனீலிங்; இரும்பு மெத்தென்றாகி அறுக்கவும் கடையவும் இணங்கும். வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிட்டால் நார்மலைசிங். மணிகள் சிறுத்துச் சீராகும், வலுவும் சற்றுக் கூடும். நீரிலோ எண்ணெயிலோ சட்டென முக்கினால் ஹார்டனிங். கரி வெளியேற நேரமின்றி உள்ளேயே சிக்கி, இரும்பைக் கண்ணாடி மாதிரி கெட்டியாகவும் உடையக்கூடியதாகவும் ஆக்கிவிடும். அதனால்தான் டெம்பரிங் தேவை: கத்திக்கு 200 டிகிரி செல்சியஸை ஒட்டி மறுபடி இளஞ்சூடு, வளைந்து மீள வேண்டிய ஸ்பிரிங்குக்கு 400க்கும் மேல். கெட்டித்தன்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் உடையாத உறுதி கிடைக்கும்.

தெருவில் சாணை பிடிப்பவரிடம் கத்தி கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். சக்கரத்தில் அதிகம் அழுத்தி விளிம்பு நீலம் பாய்ந்தால், அங்கே சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் டெம்பர் இறங்கிவிடும். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பாய்ந்த பகுதி முழுக்கத் தேய்ந்து போகும்வரை அப்படித்தான்.