எழுபது வளைவுகளும் நாற்பதாயிரம் ரூபாயும்

போன வாரம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பத்து வருடப் பழைய சின்னக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். "மாமா, கொல்லிமலை ஏறும்போது வண்டி ரொம்பச் சாயுதுங்க. நாற்பதாயிரம் வச்சிருக்கேன். ஸ்பிரிங்கை மாத்தி வண்டியை இறக்கிடலாம்னு இருக்கேன்" என்றான். வாழ்நாள் முழுக்க வரலாறு சொல்லிக் கொடுத்தவனிடம் இதைக் கேட்கலாமா? கேட்டுவிட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

காரவள்ளியில் தொடங்கும் நம் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. நான் முதன்முதலில் அந்தப் பாதையில் காரில் ஏறியது சக ஆசிரியர் ஒருவரின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கவே மாட்டார் அவர். முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில் ஒரே சீராகத் திருப்புவார். ஏன் என்று கேட்டதற்கு, "இந்த வண்டிக்குப் பின்னங்கால் அப்படி" என்றார். அந்தப் பின்னங்காலின் கதை எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று.

ஹெரால்ட் இங்கிலாந்தின் ட்ரையம்ப் நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த கார். சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதை இங்கே தயாரித்தது. அதே காலத்து அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பின்பக்கம் மாட்டு வண்டி போல ஒரே அச்சு, இரு பக்கமும் பட்டை ஸ்பிரிங். ஹெரால்டுக்கு அப்படி இல்லை. பின் அச்சு இரண்டு துண்டு, நடுவில் மூட்டு, குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். பறவை சிறகு அசைப்பது போல ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். மேடுபள்ளத்தில் சுகமான அமைப்பு. வளைவில் காலைச் சட்டென்று எடுத்தால்தான் வம்பு. எடை முன்னால் பாயும், பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். டயர் முழு அகலத்தில் தரையைத் தொடாமல் விளிம்பில் நிற்கும்.

அமெரிக்காவில் இதே சிக்கல் பெரிய அரசியலாகவே ஆனது. ஷெவர்லே கோர்வேர் என்ற கார், 1960-ல் வந்தது. எஞ்சின் பின்னால், அச்சு இதே சிறகு வகை. முன்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் வளைந்த இரும்புக் கம்பி, அதாவது ஆன்டி ரோல் பார், ஆரம்ப வருடங்களில் அதில் வைக்கப்படவில்லை. அந்தக் கம்பி இருந்தால் சாய்வின் சுமையில் பெரும் பங்கை முன்பக்கம் ஏற்றுக்கொள்ளும், பின் டயருக்குப் பிடிப்பு மிஞ்சும். கம்பிக்குப் பதில் காற்றை நம்பினார்கள்: முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26. ஆனால் பெட்ரோல் பங்கில் நான்கு டயருக்கும் ஒரே அளவு அடிப்பதுதானே உலக வழக்கம்! 1964 மாடலில் அந்தக் கம்பி வந்தது. 1965-ல் ரால்ஃப் நேடர் இந்தக் காரை முதல் அத்தியாயமாக வைத்து நூல் எழுதினார். 1972-ல் அமெரிக்க அரசின் ஆய்வு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்று சொன்னது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ட்ரையம்ப்காரர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்தது. 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் நான்காம் மாடலில், பின்பக்கப் பட்டைகளில் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு மற்றவற்றை நடுவில் ஆட விட்டார்கள். முன்பக்கக் கம்பியைத் தடிமனாக்கினார்கள். பெரிய செலவில்லாமல் வண்டியின் குணம் மாறியது. கவனியுங்கள், பின்பக்கத்தை இறுக்கவில்லை, தளர்த்தினார்கள். நம் சென்னைக்காரர்கள் இன்னும் நேராக யோசித்தார்கள். 1972-ல் ஹெரால்டிலிருந்து உருவான ஸ்டாண்டர்ட் கெசலில் சிறகு அச்சையே எடுத்துவிட்டு, பழைய மாட்டு வண்டி முறை ஒற்றை அச்சை வைத்தார்கள். பின்னோக்கிப் போனது போலத் தெரியும். குடும்பத்தோடு மூட்டை முடிச்சும் ஏற்றி ஓட்டும் நம் ஊருக்கு அதுதான் முன்னேற்றம் என்பது என் எண்ணம். அப்புறம் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணில். 1950-ல் இங்கிலாந்து ஃபோர்டு கார்களில் வந்த அமைப்பு அது. மருமகன் காரிலும் இன்று அதேதான்.

"சரிங்க மாமா, என் நாற்பதாயிரத்துக்கு என்ன வழி?" என்றான்.

முதலில் கணக்கு சொன்னேன். வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் 30-ல் போனால், வண்டியை வெளியே தள்ளும் விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு. அந்த விசையை எந்த ஸ்பிரிங்காலும் குறைக்க முடியாது. அதை எந்தச் சக்கரம் எவ்வளவு தாங்குவது என்றுதான் மாற்ற முடியும். கடைசியில் தாங்குவது உள்ளங்கை அகலத்துக்குத் தரையைத் தொடும் ரப்பர். ஆகவே முதல் செலவு டயர். அடுத்து தேய்ந்த புஷ், ஒழுகும் ஷாக் அப்சார்பர். ஷாக் அப்சார்பரை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட். இத்தனைக்குப் பிறகும் பணம் மிஞ்சினால் ஆன்டி ரோல் பாரைப் பற்றிப் பேசலாம். அதிலும் முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தடிமன் என்று தெரிந்தவரைக் கேட்டுத்தான்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது மட்டும் வேண்டாம் என்றேன். வெட்டிய ஸ்பிரிங் விறைக்கும், இருக்கையில் சரியாக உட்காராது. மழைக்குப் பிறகு நம் மலைப்பாதை வளைவுகளில் ஜல்லி பெயர்ந்து கிடக்கும். விறைத்த வண்டி அதில் குதிக்கும். குதிக்கிற அந்த நொடியில் டயர் தரையில் இல்லை. கூடவே தங்கையும் பேத்தியும் உட்கார்ந்திருப்பார்கள்.

அவன் முகத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. வாசலுக்குப் போய் டயரைப் பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். செல்போன் வெளிச்சத்தில் குனிந்து படித்தான்: 2216. 2016-ஆம் வருடத்தின் 22-வது வாரம்! வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த அதே டயர். பட்டன் ஆழம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஓரமெல்லாம் பொடி வெடிப்பு. காற்று பார்த்தால் வலது முன்பக்கம் 21 பவுண்டு. கதவோரத்தில் ஒட்டியிருந்த கம்பெனி அட்டையில் 30 என்று இருந்தது.

நேற்று நான்கு டயரும் மாற்றிவிட்டான். முன்பக்க ஷாக் அப்சார்பர் ஜோடி திங்கட்கிழமை வருகிறதாம். அடுத்த ஞாயிறு காலை காரவள்ளியிலிருந்து கிளம்புகிறோம். ஓட்டுவது அவன்தான். ஸ்பீடாமீட்டர் தெரியும் இருக்கையில் நான்.