முடிவிலாத் தன்தவிர் நடை

சதுரக் கட்டத்தாளில் ஒரு புள்ளியில் தொடங்கி, கோடு வழியே அடியடியாக நகர்ந்து, ஒருமுறை தொட்ட புள்ளியை மறுபடி தொடாமல் செல்லும் பாதை தன்தவிர் நடை எனப்படும். கரைசலில் உள்ள பாலிமர் சங்கிலியின் இரு பகுதிகள் ஒரே இடத்தில் இருக்க முடியாது. அச்சங்கிலிக்கு இந்நடையே எளிய கணித மாதிரி.

குறிப்பிட்ட நீளமுள்ள நடைகள் அனைத்துக்கும் சம வாய்ப்பு அளிப்பதில் சிக்கல் இல்லை. நீளத்தைக் கூட்டும்போதுதான் சிக்கல் எழுகிறது. மூன்றடி நடைகள் 36. ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 36-இல் 1. இவற்றில் 28 நடைகளை மூன்று வழிகளில் நீட்டலாம். ‘ப’ வடிவில் வளைந்த 8 நடைகளுக்கு இரண்டு வழிகளே உண்டு. மூன்றாவது வழி தொடக்கப் புள்ளிக்கே இட்டுச் செல்லும். ஆக நான்கடி நடைகள் 100. அவற்றில் குறிப்பிட்ட ஒரு திசையில் மூன்றடி நேராகத் தொடங்குவதற்கு வாய்ப்பு 3 விழுக்காடு, குறிப்பிட்ட ஒரு ‘ப’ வடிவில் தொடங்குவதற்கு 2 விழுக்காடு. ஓர் அடி கூடியதும் பழைய சமநிலை குலைந்துவிட்டது. ஏழடி நடைகள் 2172-இல் எட்டு, நாற்புறமும் அடைபட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன.

நீளம் முடிவின்றி வளரும்போது, தொடக்க அடிகளின் வாய்ப்புகள் ஏதேனும் நிலையான மதிப்பை நெருங்குகின்றனவா? நெருங்கினால் அந்த மதிப்புகளே முடிவிலா நடையை வரையறுக்கும். இரண்டு, மூன்று, நான்கு பரிமாணங்களில் இது இன்னும் நிறுவப்படவில்லை.

விந்தை என்னவென்றால், தொடக்கக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று தடை போட்டால் விடை கிடைத்துவிடுகிறது. அப்போது நடை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சார்பற்ற துண்டுகளாகப் பிரிகிறது. ‘பாலங்கள்’ எனப்படும் இத்துண்டுகளைப் பற்றிய ஹாரி கெஸ்டனின் 1963 ஆய்வே இதற்கு அடித்தளம். ஐந்தும் அதற்கு மேலுமான பரிமாணங்களில் இடம் தாராளம். நடை தன்னையே சந்திப்பது அரிது. அங்கு, தடை ஏதும் இன்றியே முடிவிலா நடையை வரையறுக்க, தகாஷி ஹராவும் கோர்டன் ஸ்லேடும் 1992-இல் வழி திறந்தனர்.

நடைகளின் எண்ணிக்கை வளரும் வேகத்திலும் இதேபோல் நிறுவப்படாத இடைவெளி உண்டு. சதுரக் கட்டத்தில் ஓர் அடிக்கு அது ஏறத்தாழ 2.638 மடங்கு என்று கணித்துள்ளனர். நீளத்தை இரண்டிரண்டு அடியாகக் கூட்டினால், எண்ணிக்கைகளின் விகிதம் இந்த வளர்ச்சி மாறிலியின் வர்க்கத்தை நெருங்கும் என்று கெஸ்டன் நிறுவினார். ஒவ்வோர் அடியாகக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, தாழ்ந்த பரிமாணங்களில் நிறுவல் இல்லை. தேனடைக் கட்டத்துக்கான மாறிலியோ, 2-உடன் 2-இன் வர்க்கமூலத்தைக் கூட்டி மீண்டும் வர்க்கமூலம் எடுத்தது என்று துல்லியமாகத் தெரியும். ஊகித்தவர் பெர்னார்ட் நீன்ஹூயிஸ் (1982), நிறுவியவர்கள் யூகோ துமினில்-கோப்பன், ஸ்தனிஸ்லாவ் ஸ்மிர்னோவ் (2012). ஆனால் நடையின் முனை தொடக்கத்திலிருந்து எவ்வளவு விலகும் என்ற கேள்விக்கு அந்தக் கட்டத்திலும் விடை இல்லை. அடி எண்ணிக்கையின் முக்கால் அடுக்கு என்பது பால் ஃபிளோரி காலத்திலிருந்தே வரும் ஊகம்.