இடைவெளியின் சாட்சியம்: லூப் ஆன்டெனாவின் ஷீல்டு குறித்து ஒரு மறுவாசிப்பு

தாழ் அதிர்வெண் கேட்கும் ஹாம்களிடையே, அதாவது பொழுதுபோக்கு வானொலியாளர்களிடையே, ஒரு விளக்கம் வழிவழியாக வருகிறது. லூப் ஆன்டெனா காந்தப்புலத்தை மட்டும் வாங்கும்; அக்கம்பக்கத்து இரைச்சல் பெரும்பாலும் மின்புலம்; ஆகவே சுருளுக்கு உலோக ஷீல்டு போட்டால் இரைச்சல் வெளியே நின்றுவிடும் என்பார்கள். இதைக் கைநூல் விளக்கம் என்று குறிப்பேன். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வைத்துச் சோதித்தால் இந்த விளக்கம் நிற்கவில்லை. லூப்பின் பயன் அதைத் திருப்ப முடிவதில் இருக்கிறது; ஷீல்டு அதற்குத் துணை மட்டுமே.

1907இல் பெல்லினியும் டோசியும் குறுக்காக நின்ற இரு லூப்புகளால் திசை கண்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் பிக்கார்டும், சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் பிரவுனும் சட்ட ஏரியலில் உழைத்தார்கள். முதலில் கண்டவர் யார் என்பதை ஓர் ஆண்டில் நிறுத்துவது பொருந்தாது. வானிலிருந்து திரும்பும் அலை இரவில் திசையைக் குழப்பியதால் 1919இல் அட்காக் வேறு அமைப்புக்குப் போனார். பெறுகருவிகளுக்குத் திரையிடுவது பற்றிய தம் சோதனைகளைப் பார்ஃபீல்டு 1924இல் வெளியிட்டார். நம் வீடுகளுக்கு லூப் வந்தது டிரான்சிஸ்டருக்குள் ஃபெரைட் தண்டாக. பெட்டியைத் திண்ணையில் இப்படியும் அப்படியும் திருப்பி நிலையம் பிடித்தவர்கள் அனைவரும், பெயர் தெரியாமலே, திசை ஏரியலை இயக்கியவர்கள்தாம்.

இனி ஷீல்டுக்கு வருவோம். ஷீல்டு போட்ட எந்த லூப்பின் படத்தை எடுத்தாலும் ஓரிடத்தில், பெரும்பாலும் உச்சியில், உலோகக் குழாய் விரலளவு வெட்டப்பட்டிருக்கும். என் வாதம் முழுவதும் இந்த வெட்டின் மேல் நிற்கிறது. குழாய் முழுதாக மூடினால் அது குறுக்குச்சுற்றாகிவிடும், அதைத் தவிர்க்கவே வெட்டு என்று கைநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது பொய்யன்று. ஆனால் தடுக்க மட்டுமே வந்த உறைக்கு வாசல் எதற்கு? 1946இல் லிபி என்பவர் சமநிலை ஷீல்டு லூப்புகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இதற்கு விடை தருகிறது. தடித்த உலோகத்தில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் மேற்பரப்பிலேயே ஓடும். ஆகவே அலையை முதலில் வாங்குவது உறையின் வெளிப்புறம். வெட்டின் இரு முனைகளுக்கிடையே எழும் மின்னழுத்தமே உள்ளே இருக்கும் கம்பிக்குப் போய்ச் சேருகிறது. அப்படியானால் உறைதான் ஆன்டெனா. 1887-88இல் ஹெர்ட்ஸ் கையில் பிடித்த கம்பி வளையத்திலும் பொறி தெரிந்த இடம் இடைவெளிதான். இந்த ஒற்றுமையை நான் தற்செயலாகக் கருதவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் என் வாதம் மெலிகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். செம்பில் மின்னோட்டம் இறங்கும் ஆழம் நடுத்தர அலையான 720 கிலோஹெர்ட்ஸில் 0.08 மி.மீ. மட்டுமே; பின்னால் வரும் கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸில் அது 0.5 மி.மீ. ஆகிவிடும். கோ-ஆக்ஸ் கேபிளின் பின்னல் அவ்வளவு தடிமன் இல்லை. ஆகவே மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் காந்தப்புலம் பின்னலை ஊடுருவிக் கம்பியை நேரடியாகத் தொடும். உறை வேறு, ஆன்டெனா வேறு என்ற கைநூல் விளக்கம் இங்கே கொஞ்சம் உயிர் பெறுகிறது. இருந்தும் இந்த ஊடுருவல் கைநூல் விளக்கத்துக்கு உதவவில்லை. விரும்பிய காந்தப்புலம் ஊடுருவும் வழியில் விரும்பாத காந்தப்புலமும் ஊடுருவுமே!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் உருக்காலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் நிறைய. இரைச்சலின் மூலத்திலிருந்து அலைநீளத்தின் ஆறில் ஒரு பங்குத் தொலைவுக்குள் மின்புலமும் காந்தப்புலமும் தத்தம் வழியில் நிற்கும். 136 கிலோஹெர்ட்ஸில் அந்த எல்லை சுமார் 350 மீட்டர், 18.2 கிலோஹெர்ட்ஸில் 2.6 கி.மீ. தொழிற்பேட்டையை ஒட்டிய வீடுகள் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். இன்டக்‌ஷன் உலை என்பதே ஒரு பெரிய சுருள். அதிலிருந்தும் அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள்களிலிருந்தும் வருவது முதன்மையாகக் காந்தப்புலம். மின்புலம்தான் இரைச்சல் என்ற விதி இங்கே தலைகீழாகிறது. உலைச்சுருளின் அச்சு செங்குத்தானது என்பதால் நிமிர்ந்து நிற்கும் லூப்பில் அதன் புலம் குறைவாகவே ஏறும் என்று மறுக்கலாம். ஆனால் கேபிள்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கிடைமட்டமாக ஓடும் கம்பியின் இரைச்சல் அறுபட, லூப்பின் தளத்தைக் கம்பிக்குக் குறுக்காகத் திருப்ப வேண்டும். இதை அளந்து சொல்லவில்லை, கணக்கிட்டே சொல்கிறேன். கணக்கில் எனக்கு ஐயமில்லை.

ஷீல்டுக்கு உரிய நியாயமான இடம் எது? ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஒற்றைச் சுற்று லூப்பின் பயனுறு உயரம் 18.2 கிலோஹெர்ட்ஸில் 0.4 மி.மீ. கூட வராது. கேபிளோ சட்டமோ சற்றே சமநிலை தவறினாலும் லூப் முழுவதும் சாதாரணக் கம்பி ஏரியலாக நடந்து, நல் எனப்படும் ஒலி அற்றுப்போகும் திசையை மழுங்கடித்துவிடும். ஷீல்டு சமநிலை தருகிறது. சமநிலை நல்லைக் கூர்மையாக்குகிறது. அதன் பணி அவ்வளவே.

நல் எவ்வளவு பெறும் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டமே உரைகல். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 அக்டோபரில் பணியில் சேர்ந்தது; வி.டி.எக்ஸ். என்ற அழைப்புக்குறியோடு 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிப்பது அதுவே. திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் அது ஒரே திசை, தெற்கிலிருந்து சுமார் 24 பாகை மேற்கே. அதைக் கேட்க இசைவிக்காத அகலப்பட்டை லூப் வைப்பவரைத் திணறடிக்கக்கூடியது ஆவடியின் நடுத்தர அலை நிலையம். ஊர் நடுவங்களை வைத்து வரைபடத்தில் அளந்தேன். ஆவடி திருவள்ளூருக்கு ஏறத்தாழ நேர் கிழக்கு. அதை நல்லில் நிறுத்தினாலும் வி.டி.எக்ஸ். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மிஞ்சும். கும்மிடிப்பூண்டிக்கோ ஆவடி நேர் தெற்கு. அங்கே அதே வேலையைச் செய்தால் வி.டி.எக்ஸ். பத்தில் நான்கு பங்காக இறங்கிவிடும். லூப் ஒன்றே, ஷீல்டும் ஒன்றே. வேறுபாடு முழுவதும் திசையிலிருந்து வந்தது. கைநூல் விளக்கத்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது.

2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தா ஆய்வாளர்கள் இதே வி.டி.எக்ஸ். அலையின் வலிமையைப் பல ஊர்களில் பதிந்து அயனிமண்டலத்தை ஆராய்ந்தார்கள். செய்தியைப் படிக்க வேண்டியதில்லை, வலிமையைப் பதிந்தால் போதும். கும்மிடிப்பூண்டி மாடிகளில் லூப் வைத்திருக்கும் ஹாம்கள் பகலிலும் நள்ளிரவிலும் 18.2இன் நல் எந்தப் பாகையில் விழுகிறது, ஷீல்டின் வெட்டை மூடினால் என்ன ஆகிறது என்று நாளும் நேரமும் இட்டு எழுதி வையுங்கள். மேலே நான் மெலிந்த இடம் என்று சொன்னதை அந்த ஏடுகளால்தான் தீர்க்க முடியும்.