கப்பலேறும் முன்: தென்னார்க்காட்டில் கடற்பயண ஆயத்தத்தின் வரலாறு

விழுப்புரமும் திண்டிவனமும் கடற்கரை ஊர்கள் அல்ல எனினும், இரண்டிலிருந்தும் புதுச்சேரித் துறை நாற்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலேயே இருந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்னார்க்காடு மாவட்டத்தின் இப்பகுதிக்குக் கடல் கடந்த உலகம் எட்டாத ஒன்றாக இருக்கவில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாவது இன்று பயணி தானே தனக்குச் செய்துகொள்ளும் வேலை. இப்பகுதியின் உழவுக் கூலிகளுக்கோ அது நெடுங்காலம் ஆளெடுப்பவரும் மருத்துவரும் அதிகாரியும் அவர்கள்மீது செய்த வேலையாகவே இருந்தது. செல்பவரின் விருப்பத்தையும் உடல்நலத்தையும் பற்றிய சோதனை சொந்த ஊருக்கு அருகில் நடந்ததா, திரும்பி வர வழியற்ற துறைமுகத்தில் நடந்ததா என்பதைப் பொறுத்தே பயணியின் நிலை பெரிதும் அமைந்தது.

1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853-இல் மார்த்தினிக்குக்கு முதல் இந்தியக் கூலிகளை ஏற்றிச் சென்ற ‘ஒரேலி’ என்னும் கப்பல் புதுச்சேரிப் பக்கத்திலிருந்தே புறப்பட்டது. பிரெஞ்சு எல்லைக்குள் ஆள் குறைவு, எல்லைக்கு வெளியே இருந்த ஆங்கில ஆட்சிக் கிராமங்களிலோ கடனும் பஞ்சமும் மிகுதி. ஆகவே மேஸ்திரிகள், அதாவது ஆள் சேர்த்துக் கொடுத்துத் தலைக்கு இவ்வளவு எனக் கூலி பெற்ற தரகர்கள், எல்லை தாண்டி வந்து ஆளெடுத்தனர். பிரெஞ்சு மண்ணும் ஆங்கிலேய மண்ணும் துண்டு துண்டாகப் பின்னிக் கிடந்த இந்நிலப்பரப்பில் ஒருவரை எல்லை கடத்திவிட்டால் ஆங்கிலேயரின் சட்டம் அவரைத் தொடர முடியாது. ஆசை காட்டியும் ஏமாற்றியும் ஆள் கடத்தப்படுவதாக ஆங்கில அதிகாரிகள் தொடர்ந்து முறையிட்டனர். அம்முறையீட்டில் மனிதநேயத்தோடு, தம் குடிகளைப் பிறர் கொண்டுபோகிறார்களே என்ற எரிச்சலும் கலந்திருந்தது.

1860-இலும் 1861-இலும் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தன. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகள் ஆங்கில இந்தியாவில் ஆளெடுக்கலாம் என்றும், அதற்கு ஈடாகப் பிரெஞ்சுத் துறைகளில் ஆங்கில அரசின் முகவர் ஒருவர் இருந்து, ஒவ்வொருவரும் தம் விருப்பத்தோடு செல்கிறாரா, போகும் இடமும் ஒப்பந்தக் காலமும் அவருக்குத் தெரியுமா என்று விசாரித்தபின்பே கப்பலேற்ற வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. கடனில் சிக்கி, மேஸ்திரியின் சோற்றைத் தின்று, டிப்போவில், அதாவது கப்பல் வரும்வரை ஆட்களைத் தங்கவைத்த கொட்டடியில், நாட்கணக்கில் கிடந்த ஒருவர், “விருப்பமா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று சொல்லிவிட்டு எவ்வாறு ஊர் திரும்புவார் என்பதை உடன்படிக்கை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தை அடுத்து, 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் துறைமுகத்துக்கான நடைப்பயணம் சில மணி நேர ரயில் பயணமாகச் சுருங்கியது. எனினும் தோட்டங்களில் கூலிகள் நடத்தப்பட்ட விதத்தைக் காரணம் காட்டி, ரீயூனியனுக்கு ஆளனுப்புவதை ஆங்கில அரசு 1882-இல் நிறுத்திவிட்டது.

சென்னைத் துறைமுகத்தின் வழியாக ஆங்கிலேயக் குடியேற்ற நாடுகளுக்குச் சென்றவர்களுக்கு நடைமுறை வேறாக இருந்தது. குடிபெயர்வுச் சட்டங்களின்படி, குறிப்பாக 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆளெடுப்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும்; எடுக்கப்பட்டவர் அந்த மாவட்டத்திலேயே பதிவு அதிகாரியின் முன் நிறுத்தப்பட வேண்டும். சோதனையை ஊருக்கு அருகில் கொண்டுவந்த இந்த விதி, காகிதத்தில் இருந்த அளவுக்கு நடைமுறையில் இல்லையென்றாலும், அக்காலத்து ஏற்பாடுகளில் அறிவார்ந்தது இதுவே எனலாம். பின்னர்ச் சென்னை டிப்போவில் மருத்துவச் சோதனையும் அம்மை குத்துதலும் நடந்தன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடலில் உள்ள அடையாளம், கிராமம், தாலுகா, மாவட்டம் ஆகியவை பட்டியலில் ஏறின. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி 1911-இல் நின்றுபோன, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கான குடிபெயர்வின் அப்பட்டியல்கள் இன்றும் உள்ளன. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தம் முன்னோரின் ஊரைத் தேடுவது, எழுத்தரின் கையில் சிதைந்த ஊர்ப்பெயர்களைக் கொண்ட அந்தத் தாள்களில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் மலேயா முன்னுக்கு வந்தது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த கங்காணியே, அதாவது கூலிகளின் மேற்பார்வையாளரே, உரிமத்தோடு சொந்த ஊருக்கு வந்து உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டினார். செல்பவர்களைப் பற்றிக் கிராம முன்சீப் சான்று தர வேண்டியிருந்தது. அவர்கள் சென்னையை அடுத்த ஆவடி முகாமிலோ நாகப்பட்டினம் முகாமிலோ தங்கிக் கப்பலேறினர். ஊர் அதிகாரியான முன்சீப்பின் கையொப்பம் ஒரு பாதுகாப்பே. ஆயினும் அது நிலவுடைமையாளரின் பண்ணையாள் ஓடிவிடாமல் தடுக்கும் பூட்டாகவும் பயன்படக்கூடியது. 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இந்தப் போக்கை அரசின் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1938-இல் உதவி பெற்றுக் கூலிகள் மலேயா செல்வதை இந்திய அரசு தடை செய்தது. அதன் பின்னரும் சொந்தச் செலவில் சென்றவர்களைச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பல் 1970-களின் தொடக்கம்வரை ஏற்றிச் சென்றது.

காகிதம் பயணியின் கைக்கே முழுமையாக வந்தது அண்மைக் காலத்தில்தான். கடவுச்சீட்டு தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பமாகவே இருந்த நிலையில், வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. வளைகுடா வேலைகள் பெருகியபின் இயற்றப்பட்ட 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பத்தாம் வகுப்புத் தேறாதோர் போன்ற பிரிவினர் அரசு அறிவித்த நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும் என்ற முறைக்கு அடிப்படையாயிற்று. பழைய பதிவு அதிகாரியின் வேலையே இது. ஆனால் அன்று மாவட்டத்திலேயே நடந்த அந்தச் சோதனை மீண்டும் சென்னைக்குப் போய்விட்டது. கடவுச்சீட்டைப் பொறுத்தவரை நிலை மேம்பட்டு, விழுப்புரத்திலேயே அஞ்சலகச் சேவை மையத்தில் விண்ணப்பிக்க முடிகிறது. ஆளெடுக்கும் முகவரைப் பற்றிய சோதனையோ இன்னும் பயணியின் பொறுப்பிலேயே உள்ளது.

ஆகவே திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வேலைக்காக வெளிநாடு செல்பவர்கள், பணம் கட்டுமுன் முகவரின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவரை நம்பக் கூடாது. வேலை ஒப்பந்தம், கடவுச்சீட்டு, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றின் நகல்களை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டே புறப்பட வேண்டும்.